கங்னத்தில் மூக்குக்கு ஓர் ஆலோசனை

சியோலின் கங்னம் பகுதியில் உள்ள ஓர் அழகு அறுவை மருத்துவமனைக்கு, எங்கள் ஆய்வகத்தில் முதுகலை படிக்கும் தேனிப் பெண்ணுக்குத் துணையாகப் போயிருந்தேன். எனக்குக் கொரிய மொழி தெரியும் என்பதால் கூப்பிட்டாள். "மூக்கு மட்டும்தான் அக்கா" என்றாள். வேலை விண்ணப்பத்தில் புகைப்படம் கேட்கும் தனியார் நிறுவனங்கள் இங்கே இன்னும் உண்டு. அதற்காக எடுத்த படத்தில், கேட்காமலேயே ஸ்டூடியோக்காரர் அவள் மூக்கை ஒடுக்கிக் கொடுத்துவிட்டார். ஆசை அங்கே தொடங்கியது.

இடம் சுத்தம். அதிகம் காக்க வைக்கவில்லை. ஆங்கிலம் பேசும் உதவியாளர் பொறுமையானவர்.

முதலில் வந்தவர் மருத்துவர் அல்ல, ஆலோசனை மேலாளர், 'சில்ஜாங்' என்பார்கள். கையில் கண்ணாடியைக் கொடுத்து, மெல்லிய கம்பியால் இமையை மடித்துக் காட்டினார். பிறகு தாடை, பிறகு நெற்றி. சந்தையில் மாட்டைப் பல் பிடித்துப் பார்ப்பதுபோல இருந்தது. மூக்குக்கு மட்டும் வந்தவள் கண்ணாடியைக் கவிழ்த்து மடியில் வைத்துவிட்டாள். எதற்காகச் செய்துகொள்ள நினைக்கிறாய் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்றார். வீட்டாரிடம்கூடச் சொல்லாமல் வந்திருக்கும் மாணவியிடம் இப்படி அவசரப்படுத்துவது எனக்குக் கோபத்தைத்தான் வரவழைத்தது.

மருத்துவர் சற்று நேரமே இருந்தாலும் மறைக்காமல் பேசினார். சிலிக்கான் வைத்தால் கிருமித்தொற்று வரலாம், அது இடம் நகரலாம், மறுபடி அறுக்க வேண்டியிருக்கலாம் என்றார். மேலாளர் வாயிலிருந்து இதில் ஒன்றும் வரவில்லை.

போகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள். மயக்க நிலையில் நடக்கும் அறுவையை, நோயாளி கேட்டால் கேமராவில் பதிவு செய்ய வேண்டும் என்பது 2023 செப்டம்பர் முதல் இங்கே சட்டம். பேசிய மருத்துவர் ஒருவர், கத்தி பிடித்தவர் வேறொருவர் என்ற மோசடிகள் அம்பலமான பிறகு வந்தது. நான் கேட்டபோது, "வெளிநாட்டவர் யாரும் கேட்பதில்லையே" என்றார் மேலாளர். மாணவர்களுக்குக் கட்டாயமான தேசிய மருத்துவக் காப்பீடும் அழகு அறுவைக்குப் பணம் தராது. அதையும் நாங்களாகக் கேட்டுத்தான் சொன்னார்கள்.

முன்பணம் கட்டாமல் வந்துவிட்டோம். அவள் இன்னும் முடிவெடுக்கவில்லை. செய்துகொள்வதென்றால் அப்போதும் துணைக்குப் போவேன், ஆனால் இந்த மருத்துவமனைக்கு இல்லை.