'120 வாட்' என்று அச்சடித்த மலிவு கேபிளை நம்பி வாங்காதீர்கள்

பருமனான கேபிள், நைலான் பின்னல் உறை, பளபளக்கும் உலோகத் தலை, அதன்மேல் கொட்டை எழுத்தில் '120 வாட்'. இந்த லட்சணங்களோடு அடிமட்ட விலையில் ஒரு சார்ஜிங் கேபிள் இணையத்தில் கண்ணில் பட்டால், வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். அப்படி ஒன்றை நான் வாங்கினேன். போனது சிறிய தொகைதான். ஆனால் விற்றவர்கள் சொன்ன சமாதானமும், கேபிளை அறுத்துப் பார்த்தபோது உள்ளே இருந்ததும் என்னைச் சும்மா இருக்க விடவில்லை.

போனுடன் வந்த கேபிள் ஒரு மீட்டர்தான். படுக்கைக்கு எட்டும் அளவில் இரண்டு மீட்டரில் ஒன்று வேண்டியிருந்தது. இரண்டு முனையிலும் யுஎஸ்பி-சி கொண்ட இந்தக் கேபிளுக்கு ஐந்து நட்சத்திர மதிப்புரைகள் குவிந்து கிடந்தன. உள்ளே போய்ப் படித்தால், பழைய மதிப்புரைகளில் பாதி போனின் பின்னுறையைப் பற்றியவை. 'நிறம் அருமை, கையில் வழுக்கவில்லை' என்று ஒருவர் மனமாரப் பாராட்டியிருக்கிறார். ஏற்கெனவே நன்றாக விற்ற வேறொரு பொருளின் பக்கத்தில் படத்தையும் பெயரையும் மாற்றிவிட்டு, அந்த நட்சத்திரங்களை அப்படியே கேபிளுக்குச் சூட்டியிருக்கிறார்கள். பெட்டிக்குள் ஒரு சின்ன அட்டையும் வந்தது: ஐந்து நட்சத்திரம் கொடுத்துப் படம் எடுத்து அனுப்பினால் இன்னொரு கேபிள் இலவசமாம். புதிய மதிப்புரைகள் எங்கிருந்து வந்தன என்பதும் அதோடு விளங்கிவிட்டது.

செருகியதும் போன் திரை 'வேகமாகச் சார்ஜ் ஆகிறது' என்றே காட்டியது. இந்த வாசகத்தில் பலர் ஏமாந்துபோகிறார்கள். சார்ஜரும் போனும் பேசி 9 வோல்ட்டுக்கு ஒத்துக்கொண்டாலே பெரும்பாலான போன்கள் இப்படிக் காட்டிவிடும். எவ்வளவு மின்சாரம் உள்ளே வந்து சேர்கிறது என்பது வேறு கணக்கு. பழைய கேபிளில் குளித்துக் கிளம்புவதற்குள் பாதிக்கு மேல் ஏறிவிடும் பேட்டரி, இதில் அசையவே மறுத்தது.

கேபிளுக்கும் போனுக்கும் நடுவே செருகும் சிறிய யுஎஸ்பி மீட்டர் ஒன்று என்னிடம் இருந்தது. அதைச் சார்ஜர் பக்கம் செருகினால் பயனில்லை. போன் பக்கம் செருகினால்தான் கேபிள் வழியில் விழுங்கியது எவ்வளவு என்று தெரியும். போனோடு வந்த கேபிளில் 8.6 வோல்ட், 2.3 ஆம்பியர், அதாவது ஏறத்தாழ 20 வாட். '120 வாட்' கேபிளில் 7.7 வோல்ட், 0.9 ஆம்பியர். 7 வாட் கூட நிறைவாக இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்களே, அச்சடித்த வாட்டும் அந்த ரகம்தான்.

காரணம் எளிது. மெல்லிய கம்பியில் மின்தடை அதிகம். மின்சாரம் சார்ஜரிலிருந்து போனுக்குப் போய்த் திரும்பி வரவேண்டும் என்பதால் இரண்டு மீட்டர் கேபிளில் அது நான்கு மீட்டர் பயணம். கம்பியின் தடிமனை ஏடபிள்யூஜி என்ற எண்ணால் குறிப்பார்கள். எண் குறையக் குறையக் கம்பி தடிமன் கூடும். 28 எண் செப்புக் கம்பியில் மீட்டருக்கு ஏறத்தாழ 0.21 ஓம் தடை. 24 எண்ணில் அது 0.08 தான். 28 எண் கம்பியில் நான்கு மீட்டர் என்றால் 0.85 ஓம். 2 ஆம்பியர் ஓடினால் 1.7 வோல்ட் வழியிலேயே தொலையும். வரும் வோல்ட் சரிவதைக் கண்டதும் போன் தானாகவே இழுக்கும் ஆம்பியரைக் குறைத்துக்கொள்கிறது. வேகம் படுத்துவிடுகிறது.

அதோடு நின்றிருந்தால் மெதுவான கேபிள் என்று விட்டிருப்பேன். சில வாரங்களில் போனில் செருகும் தலை தளர்ந்து ஆட ஆரம்பித்தது. ஒரு நாள் கழற்றப் போனபோது விரல் சுட்டது. தொடுமுனை சரியாகப் பொருந்தாவிட்டால் மின்தடை அந்த ஒரு புள்ளியில் கூடி, வெப்பமும் அங்கேயே குவியும். பிளாஸ்டிக் விளிம்பு லேசாகப் பழுப்பேறியிருந்தது. தலையணைப் பக்கத்தில் வைத்துச் சார்ஜ் செய்பவர்கள் இதை ஒரு முறைக்கு இரு முறை படியுங்கள்.

விற்பனையாளருக்கு எழுதினேன். "உங்கள் சார்ஜரில் கோளாறு" என்று முதல் பதில். மீட்டர் படங்களை அனுப்பினேன். "சார்ஜ் ஆகும்போது சற்றே சூடாவது இயல்பு, ஐயா" என்று அடுத்த பதில். பக்கத்தில் 'ஆயுட்கால உத்தரவாதம்' என்று இருக்கிறதே என்று கேட்டதற்கு, திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டதாம். யாருடைய ஆயுள் என்று கேட்டேன். அதற்குப் பிறகு பதிலே இல்லை. இப்போது அதே படத்தோடு, அதே கேபிள், வேறொரு பெயரில் '240 வாட்' என்று விற்பனைக்கு இருக்கிறது.

சார்ஜரிலிருந்து கழற்றிவிட்டு அறுத்தேன். பின்னல் உறையை உரித்தால் தடித்த ரப்பர். அதை நீளவாக்கில் கீறினால் இடத்தை அடைக்கப் பஞ்சு நூல். அந்த நூல் கற்றைக்கு நடுவே சிவப்பு, கறுப்பு, பச்சை, வெள்ளை, இவற்றோடு சார்ஜரும் போனும் பேசிக்கொள்வதற்கான ஒன்று என ஐந்து கம்பிகள். மின்சாரம் சுமக்கவேண்டிய சிவப்பும் கறுப்பும் தகவலுக்கான பச்சை, வெள்ளைக் கம்பிகளைவிடத் தடித்தவையாக இல்லை. சிவப்பின் உறையை நீக்கி ஓர் இழையைப் பிளேடால் சுரண்டினேன். செம்பு நிறம் மேலோடு போய் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. செப்பு முலாம் பூசிய அலுமினியம். இரண்டு மூன்று முறை மடக்கியதும் இழை முறிந்தது. அலுமினியத்தின் மின்கடத்தும் திறன் செம்பைவிட ஏறத்தாழ 40 சதவீதம் குறைவு. நல்ல செப்பு இழைகளுக்கும் வெள்ளீயம் பூசுவதுண்டு. அவை மேலே வெளுப்பாக இருந்தாலும் சுரண்டினால் உள்ளே சிவப்பு தெரியும். இங்கே நேர்மாறு.

தலையைப் பிளந்ததில், கேபிளின் திறனைச் சார்ஜருக்குச் சொல்லும் இ-மார்க்கர் என்ற சிப்பும் இல்லை. இரு முனையும் சி ஆக உள்ள கேபிளில் 3 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டுமானால் அந்தச் சிப் கட்டாயம். அது இல்லாத கேபிளுக்கு உச்சவரம்பு 60 வாட். பொதுவான யுஎஸ்பி விதிகளின்படி சி-சி கேபிள்கள் 60 அல்லது 240 வாட், பழைய வகையில் 100 வாட். 120 என்பது சில போன் நிறுவனங்கள் தங்கள் சார்ஜர், தங்கள் கேபிளோடு மட்டும் தரும் தனி வேகம். பெயர் தெரியாத பொதுக் கேபிளின் தலையில் அந்த எண்ணைப் பார்த்தாலே ஒதுங்கிவிடலாம்.

கையைக் கடிக்காமல் நல்லது வாங்க வழி இருக்கிறது. போனுக்கு 240 வாட் தேவையே இல்லை. ஒரு மீட்டர் நீளம், 60 வாட், பின்னல் உறையற்ற சாதாரண சி-சி கேபிள் பெரும்பாலான போன்களுக்குத் தாராளம். நீளத்தைப் பாதியாக்கினால் இழப்பும் பாதியாகும், விலையும் இறங்கும். சார்ஜ் மட்டும் செய்யத் தகவல் வேகத்துக்குக் கூடுதல் பணம் தரவேண்டாம், யுஎஸ்பி 2.0 போதும். '28/24' என்று குறித்திருந்தால் முதல் எண் தகவல் கம்பி, இரண்டாவது மின்கம்பி. இரண்டாவது எண் 24 அல்லது அதற்குக் கீழே இருக்கட்டும். யுஎஸ்பி விதிகளை வகுக்கும் யுஎஸ்பி-ஐஎஃப் அமைப்பின் சான்றிதழ் இருப்பதாகச் சொன்னால் அந்த அமைப்பின் தளத்தில் பொருளைத் தேடிப் பாருங்கள். முத்திரையை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், பட்டியலில் ஏறுவது அத்தனை சுலபமில்லை. பழைய ஐபோனின் லைட்னிங் கேபிளுக்கு ஆப்பிளின் எம்எஃப்ஐ ஒப்புதல் அதே வேலையைச் செய்கிறது. ஒப்போவின் சூப்பர்வூக் போன்ற தனிமுறை வேகம் வேண்டுமென்றால் அந்த நிறுவனத்தின் கேபிளையே வாங்குவதுதான் கடைசியில் மலிவு.

ஒரு முனை பழைய செவ்வக யுஎஸ்பி-ஏ, மறுமுனை சி என்றால் எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். அந்தக் கேபிளுக்குள் 56 கிலோஓம் மின்தடையம் (ரெசிஸ்டர்) ஒன்று இருக்கவேண்டும். அது தவறானால் சார்ஜரின் சக்திக்கு மீறி இழுக்கலாம் என்று போனுக்குத் தவறான தகவல் போகும். கூகுள் பொறியாளர் பென்சன் லியுங் 2015 முதல் இப்படிப்பட்ட கேபிள்களைத் தேடிச் சோதித்து எழுதிவந்தார். 2016 தொடக்கத்தில், கம்பிகளே மாற்றி இணைக்கப்பட்டிருந்த ஒரு கேபிள் அவருடைய மடிக்கணினியைச் செயலிழக்கச் செய்துவிட்டது. அதன் பின் அதே ஆண்டில் விதிக்கு உட்படாத சி வகைக் கேபிள்களை அமேசான் தடை செய்தது. தடை இருந்தும் சந்தையில் என்ன கிடைக்கிறது என்பதைத்தான் மேலே பார்த்தீர்கள்.

கேபிளைக் குறை சொல்லும் முன் போனின் துளையையும் பார்த்துவிடுங்கள். சட்டைப்பைத் தூசி அடைத்தாலும் தலை ஆடும், சார்ஜ் மெதுவாகும். போனை அணைத்துவிட்டு மரத்தாலான பல்குச்சியால் மெல்ல எடுக்கலாம்.

இந்த வகைக் கேபிள் ஏற்கெனவே வீட்டில் இருந்தால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் சோதித்துவிடுங்கள். மீட்டர் இல்லாதவர்கள் பேட்டரி 20 சதவீதத்தில் இருக்கும்போது அதே சார்ஜரில் பழைய கேபிளையும் புதியதையும் தனித்தனியே அரை மணி நேரம் வைத்து, எவ்வளவு ஏறியது என்று ஒப்பிட்டாலே போதும். பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள். மதிப்புரை எழுதுவதானால் 'மோசம்' என்று ஒற்றைச் சொல்லில் முடிக்காமல் எண்களையும் படத்தையும் சேர்த்துப் போடுங்கள். தலை சுடுகிற கேபிளை வேறு யாருக்கும் கொடுத்துவிடாமல், நடுவில் வெட்டி மின்கழிவில் சேர்த்துவிடுங்கள்.