எட்டு போடப் பயந்து வாங்கிய வண்டி: ஐந்து வருட மின் ஸ்கூட்டர் அனுபவம்

முதல் மின் ஸ்கூட்டரை 2021 ஜனவரியில் வாங்கினேன். பெட்ரோல் செலவை மிச்சம் பிடிக்கவோ, காற்றைக் காப்பாற்றவோ இல்லை. ஆர்டிஓ ஆபீஸில் எட்டு போடப் பயம், அவ்வளவுதான். சின்ன வயதில் அண்ணனின் மொபெட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சாக்கடையில் விட்டவள் நான். நாற்பது வயதுக்கு மேல் இன்ஸ்பெக்டர் பார்த்துக்கொண்டிருக்க, காலைத் தரையில் ஊன்றாமல் வளைந்து வளைந்து ஓட்ட வேண்டுமே என்று நினைத்தாலே வியர்த்துவிடும். கடைக்காரர், “லைசென்ஸ் வேணாம், நம்பர் வேணாம், இன்சூரன்ஸ் வேணாம், ஹெல்மெட் கூட வேணாம் மேடம்” என்றார். அந்த நான்கு ‘வேணாம்’களுக்காகத்தான் பணத்தைக் கட்டினேன்.

எங்கள் ஊர் வேலூர். வீடு சத்துவாச்சாரி, நான் டீச்சராக வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் காட்பாடி காந்தி நகர் பக்கம். சர்வீஸ் ரோட்டில் போய், கிரீன் சர்க்கிளைக் கடந்து, பாலாற்றுப் பாலம் ஏறி இறங்கி, விருதம்பட்டு, சித்தூர் பஸ் நிலையம் வழியாகப் போனால் சுமார் எட்டு கிலோமீட்டர். பார்த்தீர்களா, எட்டு என்னை விடவில்லை.

கடைக்காரர் சொன்னது பொய்யில்லை, ஆனால் பாதிதான் சொன்னார். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்குக் கீழே, அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழே, பேட்டரியைக் கழித்துவிட்டு எடை 60 கிலோவுக்கு மிகாமல் இருந்தால் அந்த வண்டி மோட்டார் வாகனக் கணக்கிலேயே வராது. அதனால்தான் பதிவும் இல்லை, உரிமமும் இல்லை. இந்த மூன்றும் சேர்ந்தே இருக்க வேண்டும், அரசு அங்கீகரித்த சோதனை நிலையம் அந்த மாடலுக்குச் சான்று தந்திருக்கவும் வேண்டும். சான்றின் நகலைக் கடையில் கேட்டதும் “அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க மேடம்” என்றார்கள். இரண்டு முறை அலையவிட்டுத்தான் கொடுத்தார்கள். லேமினேட் செய்து சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். ரவுண்டானாவில் போலீஸ் நிறுத்தியபோதெல்லாம் எடுத்து நீட்டினேன். படித்துப் பார்த்தவர்களும் உண்டு, “சரி போங்கம்மா” என்று கையசைத்தவர்களும் உண்டு.

வண்டி எப்படி? லெட் ஆசிட் பேட்டரி. அந்த வகைக்கு அரசு மானியமும் கிடையாது. ஒரு சார்ஜுக்கு 60 கிலோமீட்டர் ஓடும் என்று கடையில் சொன்னார்கள், எனக்கு 45 ஓடியது. முதல் சித்திரை வெயில் போனதும் 35. பதினான்காம் மாதம், போய்த் திரும்புவதற்குள் பாலத்தின் மேல் மூச்சு வாங்க ஆரம்பித்தது. புதுப் பேட்டரி செட்டுக்கு, பழையதைக் கொடுத்தது போக, பன்னிரண்டாயிரம் ஆனது. சார்ஜ் ஏற ஏழு மணி நேரம். கரண்ட் போனால் அடுத்த நாள் ஆட்டோதான்.

அதைவிடப் பெரிய சங்கடம் வேகம். 25-இல் போவது பாதுகாப்பு என்று வாங்குவதற்கு முன் நினைத்திருந்தேன். தெருவுக்குள் அது உண்மை. கிரீன் சர்க்கிளில் உண்மையே இல்லை. சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் பஸ்ஸும், ஷேர் ஆட்டோவும், காலேஜ் பையன்களின் பைக்கும் வரும் இடத்தில் 25-இல் போகிறவள் நடுரோட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவள் மாதிரி. பின்னாலிருந்து ஹாரன், பக்கத்திலிருந்து முறைப்பு. பாலத்தில் தோழியையும் ஏற்றிக்கொண்டால் பதினைந்துதான். லாரி உரசிக்கொண்டு போகும்போது புடவைத் தலைப்பு படபடக்கும்.

அந்தப் பயத்தில்தான் தப்பு செய்தேன். சர்வீஸுக்கு விட்டபோது மெக்கானிக் பையன் கேட்டான்: “இன்னாக்கா, இருவத்தஞ்சுலயே போய்க்கினு இருந்தா சைக்கிள்காரன் கூட ஹாரன் அடிப்பான். லாக்கு எடுத்துடட்டா?” லாக் என்றால் வேகத்தை 25-க்குள் கட்டிப்போடும் ஏற்பாடு. ஒரு ஒயரைக் கழற்றினான், இரண்டு நிமிட வேலை. வண்டி 40-ஐத் தொட்டது. பாலத்தில் பெருமையாக இருந்தது. என்னோடு வேலை பார்க்கிற டீச்சர்கள் மூன்று பேரும் அதே பையனிடம் போய் எடுத்துக்கொண்டார்கள்.

2021 அக்டோபரில் ஒரு சாயங்காலம், சர்வீஸ் ரோட்டில் டீக்கடையிலிருந்து ஒரு பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் இறங்கினார். பிரேக் பிடித்தேன், மணல். இரண்டு பேருமே விழுந்தோம். எனக்கு முட்டி தேய்ந்தது, அவருக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் அவர் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்: “சத்தமே வர்லம்மா.” அவர் சொன்னது சரி. நம் ஊரில் யாரும் கண்ணால் பார்த்து ரோட்டில் இறங்குவதில்லை, காதால் கேட்டுத்தான் இறங்குகிறோம். அதற்குப் பிறகு சந்து முனையிலும், டீக்கடை ஓரத்திலும், ஆட்டு மந்தை பக்கத்திலும் ஹாரன் அடிக்காமல் போவதில்லை. நாய்கள் மட்டும் எப்படியோ கண்டுபிடித்துவிடுகின்றன.

வைத்தியச் செலவு 38,000. என் கையிலிருந்துதான் கொடுத்தேன். அவர் மகன் நல்ல மனிதர், ஸ்டேஷனுக்குப் போகவில்லை. எங்கள் சொந்தத்தில் ஒரு வக்கீல் இருக்கிறார், சித்தப்பா முறை. அவரிடம் சொன்னபோது முதலில் கேட்டது, “லாக் எடுத்தியா?” தலையைக் குனிந்தேன். அவர் விளக்கியதுதான் எனக்கு உறைத்தது. லாக்கை எடுத்த நிமிடமே அது விதிவிலக்கான வண்டி இல்லை, சாதாரண மோட்டார் வாகனம். அப்படியானால் பதிவு இல்லாத வண்டி, உரிமம் இல்லாத ஓட்டுநர், காப்பீடு இல்லாத விபத்து. உரிமமில்லாமல் ஓட்டியதற்கு 5,000, காப்பீடு இல்லாததற்கு முதல் தடவை 2,000 என்று அபராதம். அதையாவது கட்டிவிட்டுப் போகலாம். பெரியவருக்கு ஏதாவது ஆகியிருந்து கோர்ட் நஷ்ட ஈடு விதித்தால், பதிவான வண்டிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி வந்து நிற்கும். உனக்கு யார் நிற்பார், வீட்டுப் பத்திரமா என்றார்.

மறுநாளே ஒயரை மாட்டச் சொன்னேன். மெக்கானிக் பையன் என்னைப் பார்த்த பார்வையில் ஏமாற்றம். மற்ற மூன்று டீச்சர்களில் ஒருத்தி மட்டும் மாட்டிக்கொண்டாள்.

ஆனால் லாக் எடுக்காத வண்டி மோதி அந்தப் பெரியவர் விழுந்திருந்தால்? சட்டப்படி நான் எந்தத் தப்பும் செய்திருக்க மாட்டேன், அந்த 38,000 மட்டும் அப்போதும் என் கையிலிருந்துதான் போயிருக்கும். இன்சூரன்ஸ் கட்டாயமில்லை என்பதை அதுவரை நான் லாபம் என்று எழுதி வைத்திருந்தேன்.

இதற்கிடையில் 2022 மார்ச் மாதம். எங்கள் வேலூரிலேயே, இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த புது மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி ஓர் அப்பாவும் மகளும் இறந்துபோனார்கள். பல நாள் ஊரில் வேறு பேச்சே இல்லை. என் வீட்டுக்காரர் அன்று ராத்திரியே வண்டியை வராந்தாவிலிருந்து தள்ளிக்கொண்டு போய் கேட்டுக்கு வெளியே நிறுத்தினார். ‘என்னுடையது லித்தியம் இல்லை’ என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. கேட்காததும் நல்லதுதான். அதுவரை ஹாலிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து, வாசற்படியை அடைத்துக்கொண்டுதான் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தேன். தீ என்று வந்தால் வெளியே ஓட அந்த ஒரே வழிதான்.

பிறகு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, காம்பவுண்ட் சுவரை ஒட்டித் தனி லைன் இழுத்து, எர்த், எம்சிபியோடு (கோளாறு வந்தால் தானே கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) 15 ஆம்பியர் பிளக் போட்டோம். மேலே ஒரு தகரக் கூரை. மூவாயிரத்துச் சொச்சம் செலவு, இந்த ஐந்து வருடத்தில் நான் உருப்படியாகச் செய்த செலவு. வெயிலில் ஓட்டி வந்ததும் சார்ஜில் போடுவதில்லை, அரைமணி நேரமாவது ஆற விடுகிறேன். வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எல்லோரும் தூங்கும் நேரத்தில் சார்ஜ் போடுவதையும் விட்டாயிற்று.

அந்த வருடக் கோடைத் தீ விபத்துகளுக்குப் பிறகுதான் பதிவாகும் மின் வாகனங்களின் பேட்டரிக்கு விதிகளை இறுக்கினார்கள். ஏஐஎஸ் 156 என்ற பேட்டரிப் பாதுகாப்புத் தரத்தின் திருத்தங்கள் 2022 டிசம்பரில் ஒரு பகுதியும், 2023 மார்ச் கடைசியில் மிச்சமும் அமலுக்கு வந்தன. அதுவரை காத்திருப்பது என்று முடிவு செய்தேன். காத்திருந்த நேரத்தில் எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) எடுத்தேன், முப்பது நாள் கழித்து டெஸ்டுக்குப் போனேன். முதல் தடவை கால் ஊன்றிவிட்டேன். இரண்டாம் தடவை எட்டு போட்டேன். இதற்கா இத்தனை வருடம் பயந்தோம் என்று வெளியே வந்து ஒரு கரும்புச் சாறு குடித்தேன்.

புது வண்டி 2023 மே மாதம். ஜூன் 1 முதல் மத்திய அரசு மானியம், பேட்டரிக் கொள்ளளவில் ஒவ்வொரு கிலோவாட்-மணிக்கும் (ஒரு யூனிட்) 15,000 ரூபாயிலிருந்து 10,000 ஆகக் குறைகிறது என்று தெரிந்து, ஷோரூமில் மாட்டுச் சந்தை போலக் கூட்டம். பச்சை நம்பர் பிளேட்டில் வெள்ளை எழுத்து, டிஎன் 23. இரண்டரை வருடத்தில் 19,000 கிலோமீட்டர். ஒரு சார்ஜுக்கு ஆரம்பத்தில் 95 கிலோமீட்டர் ஓடியது, இப்போது 85. கரண்ட் இரண்டு மாதத்துக்கு 50 யூனிட் சொச்சம்தான், ஆனால் கோடையில் ஏசியும் சேர்ந்து 500 யூனிட்டைத் தாண்டினால் முழு பில்லும் மேல் கணக்குக்குப் போய்விடும். பிரேக் ஷூ இன்னும் மாற்றவில்லை. ஆக்சிலேட்டரை விட்டதும் மோட்டாரே வேகத்தைப் பிடித்துக்கொள்கிறது. பாலாற்றுப் பாலத்தின் மணலில் மழை பெய்திருந்தால் அந்தப் பிடிப்பே பின் சக்கரத்தை இழுத்துவிடும், அதனால் மழை நாளில் அதைக் குறைத்து வைக்கிறேன். பின் டயர் 16,000-த்திலேயே வழுக்கையாகிவிட்டது.

பாதுகாப்பில் ஒரு விஷயத்தைக் கடைக்காரர்கள் சொல்வதே இல்லை. வண்டி ‘ஆன்’ ஆகியிருக்கிறதா என்று காதுக்குத் தெரியாது. பழைய வண்டியில் சாவியை எடுக்காமல் கேட்டைத் திறக்கப் போனேன், தம்பி மகன் ஆக்சிலேட்டரைத் திருகிவிட்டான். துளசி மாடத்தில் போய் முட்டி நின்றது. புது வண்டியில் சைடு ஸ்டாண்டு போட்டாலே மோட்டார் கட் ஆகிவிடும். குழந்தை இருக்கிற வீட்டுக்கு ரேஞ்சைவிட இது முக்கியம்.

மூன்றாம் நபர் காப்பீடு ஐந்து வருடத்துக்கு வண்டியோடு சேர்ந்தே வந்தது. நம் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கானது ஒரு வருடம்தான். நான் முதல் வருடம் முடிந்து நான்கு மாதம் கவனிக்காமல் ஓட்டினேன். தேதியைப் பார்த்து வையுங்கள்.

பள்ளிக்கூட வாசலில் தினமும் பார்க்கிறேன். ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகள் மூன்று பேர் ஒரே மின் ஸ்கூட்டரில் வருகிறார்கள். அப்பா அம்மாவைக் கேட்டால், “இதுக்கு லைசென்ஸ் தேவையில்ல டீச்சர்” என்று என் கடைக்காரர் சொன்ன அதே வாக்கியம். வண்டி 45-இல் பறக்கிறது. பிடிபட்டால் 2019 சட்டத் திருத்தத்தின்படி பிள்ளைக்கு இல்லை, பெற்றவருக்குத்தான் 25,000 அபராதம், மூன்று வருடம் வரை சிறை என்றும், அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது என்றும் சொன்னேன். ஒரு அம்மா மறுநாளிலிருந்து ஆட்டோவில் அனுப்பினார். இன்னொருவர், “நீங்களும் இதே வண்டிதானே ஓட்டினீங்க” என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

பழைய வண்டி இன்னும் மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது. இரண்டாவது பேட்டரியும் போய்க்கொண்டிருக்கிறது. தெருவுக்குள் காய்கறி வாங்க மாமியார் எடுக்கிறார், அதற்கு 25 தாராளம். விற்கலாம் என்று சொல்லி வைத்ததில் நான்கு பேர் வந்து பார்த்தார்கள். நான்கு பேருமே விலைக்கு முன்னால் லாக் எடுத்துத் தருவீர்களா என்றுதான் கேட்டார்கள். இன்னும் விற்கவில்லை.