சிறப்புப் பள்ளி, பொது வகுப்பு, வள அறை: மூன்றிலும் படித்த ஒரு சிறுவனின் தாய் எழுதும் மதிப்பீடு

என் மகனுக்கு ஆட்டிசம் இருப்பது மூன்றரை வயதில் உறுதியானது. இப்போது அவனுக்கு 11 வயது. இடைப்பட்ட ஆண்டுகளில் முதலில் ஒரு சிறப்புப் பள்ளியிலும், பிறகு வழக்கமான பள்ளி ஒன்றின் பொது வகுப்பிலும், கடந்த இரண்டரை ஆண்டுகளாக வள அறை (சில பாடங்களைச் சிறப்பாசிரியர் தனியாகச் சொல்லித்தரும் அறை) வசதியுள்ள வேறொரு பள்ளியிலும் படித்திருக்கிறான். எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று திகைத்து நிற்கும் பெற்றோருக்குப் பயன்படட்டும் என்றே இந்த மூன்று ஏற்பாடுகளையும் நான் பார்த்தபடி மதிப்பிடுகிறேன். பள்ளிகளின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

சிறப்புப் பள்ளியில் ஒரு வகுப்புக்கு எட்டுப் பிள்ளைகள், ஒரு சிறப்பாசிரியர், ஓர் உதவியாளர். என் மகன் அங்கே பெற்ற மிகப் பெரிய உதவி சுவரில் தொங்கிய பட அட்டவணைதான். அன்றைய வேலைகள் மேலிருந்து கீழாகப் படங்களாக ஒட்டப்பட்டிருக்கும். ஒரு வேலை முடிந்ததும் அந்த அட்டையை வெல்க்ரோவிலிருந்து பிய்த்து, கீழே உள்ள பெட்டியில் போட்டுவிட்டு அடுத்த படத்தைப் பார்ப்பான். அதற்கு முன்பு ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் ஒவ்வொரு முறையும் தரையில் படுத்து அழுதுகொண்டிருந்தவன், ஆறு மாதத்தில் தானாகவே எழுந்து அட்டவணையிடம் போகத் தொடங்கினான். அடுத்து என்ன நடக்கும் என்பது தெரியாத அச்சம்தான் அந்த அழுகைக்குக் காரணம் என்பதை எங்களுக்குப் புரியவைத்தவர்கள் அந்த ஆசிரியர்களே. பேச்சுப் பயிற்சியும், அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபியும் பள்ளி நேரத்துக்குள்ளேயே நடந்துவிட்டதால், மாலையில் அவனைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டிய நிலையும் வரவில்லை.

குறை மூன்றாம் ஆண்டில்தான் கண்ணில் பட்டது. அவனுக்கான தனிநபர் கல்வித் திட்டத்தை, அதாவது அவனுக்கென்று தனியாகக் கற்றல் இலக்குகளை எழுதிவைக்கும் ஆவணத்தை, முதலாம் ஆண்டின் திட்டத்தோடு வைத்துப் பார்த்தேன். இரண்டு இலக்குகள் எழுத்து மாறாமல் அப்படியே இருந்தன. வீட்டில் கதைப்புத்தகத்தைத் தானே எடுத்து வாசிக்கத் தொடங்கிவிட்ட பிள்ளைக்கு அங்கே இன்னமும் எழுத்துகளை இனம் காணும் பயிற்சியே நடந்துகொண்டிருந்தது. அவனோடு பேச்சுக் கொடுக்கக்கூடிய ஒத்த வயதுப் பிள்ளை அந்த வகுப்பில் ஒருவர்கூட இல்லை. பாதுகாப்பான இடம் என்பதாலேயே நாங்களும் ஓராண்டு கூடுதலாகக் கண்ணை மூடிக்கொண்டிருந்தோம் என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்துச் சேர்த்த பொது வகுப்பில் அவனுக்கென்று ஒரு ஷேடோ டீச்சர், அதாவது வகுப்பில் அவன் பக்கத்திலேயே இருந்து உதவும் தனி ஆசிரியர், நியமிக்கப்பட்டார். அன்பானவர், பொறுமைசாலி. முதல் பருவம் முடிந்து வீட்டுக்கு வந்த நோட்டுப் புத்தகங்களைப் பிரித்தபோது பக்கம் பக்கமாக மணிமணியான கையெழுத்து. அதில் ஓர் எழுத்துகூட என் மகனுடையது அல்ல. வகுப்பின் வேகத்துக்கு அவனால் எழுத முடியாததால் அவரே எழுதி முடித்திருக்கிறார். பள்ளிக்கு நேரில் போய்ப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. மற்றப் பிள்ளைகள் அவனிடம் எதையும் கேட்பதில்லை, "மிஸ், அவன் விளையாட வருவானா?" என்று அவரிடம்தான் கேட்டார்கள். பக்கத்திலேயே ஒரு பெரியவர் எந்நேரமும் ஒட்டி அமர்ந்திருந்தால், அவரைத் தாண்டி ஒரு குழந்தையிடம் போகப் பிள்ளைகளுக்குத் தோன்றுவதில்லை. வகுப்பாசிரியரோ அவன் தன் மாணவன் என்ற எண்ணமே இல்லாமல் இருந்தார். அவனைப் பற்றிய எந்தக் கேள்விக்கும் "அதை ஷேடோ டீச்சரிடம் கேளுங்கள்" என்பதே பதிலாக இருந்தது. ஒன்றரை ஆண்டில் அந்த ஏற்பாட்டை முடித்துக்கொண்டோம்.

இதை வைத்து, எல்லாப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் சேர்ந்து படிக்கும் உள்ளடக்கிய கல்வியே தவறு என்று சொல்ல வரவில்லை. 1994-இல் ஸ்பெயினின் சலமாங்கா நகரில் கூடிய 92 அரசுகளின் பிரதிநிதிகள் சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளும் வழக்கமான பள்ளிகளில் படிக்க வேண்டும் என்று அறிவித்தபோது, குழந்தைக்கு ஏற்பப் பள்ளி மாற வேண்டும் என்பதையும் சேர்த்தே வலியுறுத்தினார்கள். 2006-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24-ஆம் பிரிவும் உள்ளடக்கிய கல்வியை உரிமையாக்கிவிட்டு, தனித்தனித் தேவைக்கேற்ற ஆதரவையும் கோருகிறது. எங்களுக்குக் கிடைத்தது நாற்காலியில் ஓர் இடம் மட்டுமே; ஆதரவு என்ற பாதி அங்கே வந்து சேரவில்லை.

இப்போது படிக்கும் பள்ளியில் மொழிக்கும் கணக்குக்கும் காலை இரண்டு பாடவேளைகள் வள அறையில் இருக்கிறான். மற்ற நேரமெல்லாம் தன் வகுப்பில். உதவியாளர் உண்டு, ஆனால் இரண்டு வரிசை தள்ளி அமர்கிறார், அவன் அட்டையைக் காட்டி அழைத்தால் மட்டுமே அருகில் வருகிறார். இந்த ஏற்பாடு நிலைத்து நிற்பதற்குக் காரணம், வள அறை ஆசிரியரும் வகுப்பாசிரியரும் வாரத்துக்கு ஒரு முறை அரைமணி நேரம் உட்கார்ந்து அடுத்த வாரப் பாடங்களைப் பேசிக்கொள்வதுதான். வகுப்பில் வரப்போகும் புதிய சொற்களை வள அறையில் இரண்டு நாள் முன்னதாகவே படங்களோடு அறிமுகப்படுத்திவிடுவதால், பாடம் நடக்கும்போது அவனுக்கும் ஏதோ ஒன்று தெரிந்திருக்கிறது. குறை இல்லாமல் இல்லை. வகுப்பில் சோதனை செய்து காட்டிய ஒரு நாள் அவன் வள அறையில் இருந்து அதைத் தவறவிட்டான். வேறு ஆசிரியர் விடுப்பில் இருந்தால் வள அறை ஆசிரியரை அந்த வகுப்புக்கு அனுப்பிவிடுகிறார்கள். அன்று வள அறை பூட்டியே கிடக்கும். இதை நிர்வாகத்திடம் எழுத்து மூலம் தெரிவித்த பிறகு குறைந்திருக்கிறது.

எல்லாப் பிள்ளைகளுக்கும் வள அறையே சரி என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட வேண்டாம். வாசிப்பதிலும் எழுத்துக்கூட்டுவதிலும் தடுமாற வைக்கும் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு முறையான வாசிப்புப் பயிற்சியும் தேர்வில் கூடுதல் நேரமும் கிடைத்தால் பெரும்பாலும் பொது வகுப்பே போதும். சைகை மொழியில் வளரும் காது கேளாத குழந்தைக்கோ, அந்த மொழியில் பேசும் ஆசிரியர்களும் நண்பர்களும் உள்ள பள்ளிதான் வளர்ச்சிக்கு இடம் தரும். நான் குறிப்பிட்ட 24-ஆம் பிரிவே இதற்குத் தனி இடம் ஒதுக்கியிருக்கிறது.

பள்ளியைப் பார்க்கப் போகிறவர்கள் முதல் வருகையை இடைவேளை நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாடவேளையில் எல்லாப் பள்ளிகளும் ஒழுங்காகவே தெரியும். மணி அடித்த பிறகு சிறப்புத் தேவை உள்ள பிள்ளை எங்கே நிற்கிறது, யாரோடு நிற்கிறது என்று பாருங்கள். தனிநபர் கல்வித் திட்டம் எப்படி எழுதப்படும் என்று மாதிரி கேளுங்கள். "சமூகத் திறன் மேம்படும்" என்ற இலக்கை யாராலும் அளக்க முடியாது. "ஐந்து சந்தர்ப்பங்களில் நான்கிலாவது உதவி வேண்டும் என்று தானே கேட்பான்" என்று எழுதியிருந்தால் அளக்கலாம். இத்திட்டத்தை 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே கட்டாயமாக்கிய அமெரிக்காவில், அதை ஆண்டுக்கு ஒரு முறையாவது மறுஆய்வு செய்தாக வேண்டும். நீங்கள் எங்கே இருந்தாலும் அடுத்த மறுஆய்வுத் தேதியைச் சேர்க்கை நாளிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் சிறப்புப் பள்ளியில் அதைக் கேட்காமல் விட்டோம்.

என் மகனுக்கு அடுத்த மறுஆய்வு இந்தப் பருவத்தின் முடிவில் நடக்கிறது. கணக்குப் பாடவேளையையும் பொது வகுப்புக்கு மாற்றலாமா என்பதே அன்றைய பேச்சு. அவனுடைய கணக்கு நோட்டை எடுத்துப் போகப்போகிறேன். எண்கள் கட்டத்தைத் தாண்டிச் சாய்ந்து கிடக்கின்றன, ஒரு பக்கத்துக்கு மூன்று கணக்குகளுக்கு மேல் இல்லை. எல்லாம் அவன் எழுதியவை.