சமையலறையா, பெசன்ட் நகர் மணலா, ஆன்லைன் கிட்டா?

ஸ்பூனைக் கீழே போட்டு, எடுத்துக் கொடுத்தால் மறுபடியும் போட்டு, எங்கே விழுந்தது என்று எட்டிப் பார்க்கிற ஒன்பது மாதக் குழந்தை செய்வது பரிசோதனைதான். பிறந்து முதல் இரண்டு வருடத்தை சுவிஸ் உளவியலாளர் ழான் பியாஜே புலன்-இயக்க நிலை என்றார். தொடுவதும் நக்குவதும் தட்டுவதுமே அந்த வயதில் யோசனை. சரி, அதற்கு எதை வாங்குவது, எங்கே போவது?

ஆன்லைனில் விற்கும் 'சென்சரி கிட்', அதாவது தொட்டுப் பார்த்து விளையாடும் சாமான் பெட்டி, பார்க்க அழகு, நமக்கும் வேலை மிச்சம். ஆனால் பெட்டிக்குள் தண்ணீரில் ஊறி உப்பும் வண்ண உருண்டைகள், அதாவது வாட்டர் பீட்ஸ், இருந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். விழுங்கிவிட்டால் உள்ளே போய் உப்பிக் குடலை அடைக்கும், எக்ஸ்ரேயிலும் பெரும்பாலும் தெரியாது. 2023 கடைசியில் அமேசான், வால்மார்ட், டார்கெட் மூன்றும் அமெரிக்காவில் குழந்தைகளுக்கென்று இதை விற்பதையே நிறுத்திவிட்டன.

அதே வழவழப்புக்கு ஜவ்வரிசி போதுமே! கண்ணாடி மாதிரி ஆகும்வரை வேகவைத்து, ஆறவிட்டு, தாம்பாளத்தில் கொட்டுங்கள். திட உணவு தொடங்கிய குழந்தை ஒன்றிரண்டை வாயில் போட்டாலும் அது சாப்பாடுதான் (பக்கத்திலேயே உட்கார வேண்டும், அது எந்த விளையாட்டுக்கும் உண்டு). ஒன்றரை வயதானால் இரண்டு பங்கு கார்ன் ஃப்ளாரில் ஒரு பங்கு தண்ணீர் கலந்து கொடுக்கலாம்; ஓங்கித் தட்டினால் கெட்டி, சும்மா விட்டால் விரலிடுக்கில் ஒழுகும், பெரியவர்களே கையை எடுக்க மாட்டார்கள். இரண்டு வயதுக்கு மேல் மஞ்சள் தண்ணீர். ஆப்பசோடா போட்டால் ஆரத்தி நிறம், எலுமிச்சை பிழிந்தால் பழைய மஞ்சள். ஆரத்திக்குப் போடுகிற சுண்ணாம்பு மட்டும் வேண்டாம், கண்ணில் பட்டால் பொசுக்கிவிடும். வேகாத கொண்டைக்கடலை, வேர்க்கடலை எல்லாம் குறைந்தது நான்கு வயதுவரை தட்டில் வரவே கூடாது, தொண்டையில் சிக்கும்.

சென்னை பெசன்ட் நகர் கடற்கரைக்கு நிகர் சமையலறையில் கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். டம்ளரில் ஈர மணலை அழுத்திக் கவிழ்த்தால் நிற்கும், காய்ந்த மணல் சரியும். மணல் துகள்களைத் தண்ணீர் ஒட்டிப் பிடிக்கிறது என்பதை யாரும் விளக்க வேண்டாம், கையே கண்டுபிடிக்கும். ஆனால் ஒரு வயதுக் குழந்தை முதலில் செய்வது ஒரு பிடி அள்ளி வாயில் போடுவது, அதே மணலில்தான் தெருநாய்களும் திரிகின்றன. அதனால் ஒன்றரை வயதுக்கு அப்புறம், வெயில் ஏறுவதற்குள், அலை பக்கம் போகாமல். இங்கே கடல் இழுக்கும், வாளியில் தண்ணீர் மொண்டு வந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கோட்டூர்புரத்துப் பெரியார் அறிவியல் மையத்துக்கு இந்த வயதில் அவசரமே இல்லை. ஒன்றரை வயதுக்குள் என்றால் என் ஓட்டு சமையலறைக்கு, அதற்கு மேல் வார நாளில் தாம்பாளம், ஞாயிற்றுக்கிழமை மணல். கிட் காசு ஆட்டோவுக்கு ஆகட்டும்.