பழைய சிஸ்டத்துக்கு எது சரிப்படும்: பத்தா, பதினொன்றா, மிண்ட்டா?

கீழக்கரையில் ஒரு ஜெராக்ஸ் கடை. பாஸ்போர்ட் விண்ணப்பம், விமான டிக்கெட், பட்டா சிட்டா, பள்ளிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் என்று காலையிலிருந்து இரவு வரை ஆள் வந்துகொண்டே இருக்கும். கடையில் மூன்று சிஸ்டம், மூன்றிலும் விண்டோஸ் 10. என்னைப் பார்த்ததும் கடைக்காரர் கேட்டார்: "தம்பி, சப்போர்ட் முடிஞ்சு போச்சுன்னு திரையில வருது. பதினொன்னு ஏத்திடவா, இல்ல மூணையும் தூக்கிட்டுப் புதுசு வாங்கவா?"

"காக்கா, முதல்ல பிரிண்டரைக் காட்டுங்க" என்றேன். (அங்கே அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.) சிஸ்டத்தைப் பற்றிக் கேட்டால் பிரிண்டரைப் பார்க்கிறானே என்று ஒரு மாதிரி பார்த்தார். ராமநாதபுரத்திலிருந்து பாம்பன் வரை கடை கடையாகப் போய் சர்வீஸ் பார்க்கிறவன் நான். எந்த விண்டோஸ் ஓடும் என்பதை பிராசஸர் சொல்லிவிடும். எதை ஏற்றலாம் என்பதைச் சொல்வது அதன் பின்னால் சொருகியிருக்கும் வயர்கள்தான்.

முதலில் பயத்தைப் போக்கிவிடலாம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அன்றிரவு எந்த சிஸ்டமும் நின்றுவிடவில்லை. மாதாமாதம் வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன, அவ்வளவுதான். ஆனால் ஆதார் நகலும் பாஸ்புக் நகலும் நாள் முழுக்க வந்து போகிற கடையில், ஊரார் பென்டிரைவ் எல்லாம் சொருகப்படுகிற இடத்தில், "அவ்வளவுதான்" என்று விட்டுவிடவும் முடியாது.

பதினொன்றுக்குப் போக என்ன வேண்டும்? 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், தொடங்கும்போதே கள்ள மென்பொருளைத் தடுக்கும் செக்யூர் பூட், பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் டிபிஎம் 2.0. இவற்றோடு, இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல். தலைமுறை தெரிய ஸ்டிக்கரில் உள்ள எண்ணைப் பாருங்கள்: ஐ3-8100 என்றால் எட்டு, ஐ3-7100 என்றால் ஏழு. 7100 இன்னும் நன்றாக ஓடும் சாமான். ஒரே ஒரு தலைமுறையில் அதைத் தள்ளி வைத்ததில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

எட்டாம் தலைமுறை சிஸ்டம் வைத்திருந்தும் "உங்கள் கணினி தகுதி பெறாது" என்று வருகிறதா? புதுசு வாங்க ஓடாதீர்கள். பல போர்டுகளில் டிபிஎம் வேலையைச் செய்யும் பிடிடி என்ற வசதி பயாஸில் (ஆன் செய்ததும் திறக்கக்கூடிய அமைப்புத் திரையில்) அணைந்தே கிடக்கும். அதை இயக்கினால் பாதிப் பேருக்குப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். கீழக்கரைக் கடையின் முதல் சிஸ்டம் அப்படித்தான். ஐந்து நிமிட வேலை.

அப்புறம் குறுக்கு வழி. ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளில் பென்டிரைவ் தயாரித்தால் டிபிஎம், செக்யூர் பூட் சோதனைகளைத் தவிர்த்துப் பழைய சிஸ்டத்திலும் பதினொன்றை ஏற்றிவிடலாம். ஓடும், பார்க்கவும் புதுசாக இருக்கும். ஆனால் இப்படிப்பட்ட சிஸ்டங்களுக்கு அப்டேட் தர உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய பதிப்பும் தானாக வராது, மறுபடி பென்டிரைவோடு உட்கார வேண்டும். கோர் 2 டுவோ காலத்து சிஸ்டம் என்றால் இந்த வழியும் அடைப்பு. பதினொன்றின் 24எச்2 பதிப்பு கேட்கிற எஸ்எஸ்இ 4.2 கட்டளைகள் அந்த பிராசஸர்களில் இல்லவே இல்லை, பூட் ஆகாது. குறுக்கு வழியை என் வீட்டு சிஸ்டத்தில் செய்வேன். நான் மாதம் ஒருமுறை மட்டும் போகிற கடையில் செய்ய மாட்டேன்.

ஒரு முறை அதை மீறினேன். ஏர்வாடிப் பக்கம் ஒரு கடைக்கு, ஐப்பசி மழை நேரத்தில், வற்புறுத்தலுக்காக ஏற்றப் போனேன். பாதியில் கரண்ட் போயிற்று. யூபிஎஸ் பேட்டரி இரண்டே நிமிடத்தில் அணைந்தது. அன்று இரவு முழுக்கப் பழைய நிலைக்குத் திருப்புவதிலேயே போனது. அதிலிருந்து, மேம்படுத்தும் முன் யூபிஎஸ் எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று பிளக்கைப் பிடுங்கிப் பார்த்துவிட்டுத்தான் தொடங்குகிறேன்.

பத்திலேயே இருப்பவர்களுக்கு ஒரு வாசல் இருக்கிறது. வீட்டு உபயோக சிஸ்டங்களுக்கு ஓராண்டு நீட்டிப்பு, 2026 அக்டோபர் 13 வரை. பத்தின் கடைசிப் பதிப்பான 22எச்2 இருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, அமைப்புகளை பேக்அப் செய்ய ஒப்புக்கொண்டால் காசு இல்லை. இல்லையென்றால் 1000 மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகள் அல்லது 30 டாலர். நிறுவனங்களுக்குக் கணக்கே வேறு: ஒரு சிஸ்டத்துக்கு முதலாண்டு 61 டாலர், ஒவ்வோராண்டும் இரட்டிப்பு. எட்ஜ் பிரவுசருக்கு மட்டும் விண்டோஸ் 10இல் 2028 அக்டோபர் வரையாவது அப்டேட் உண்டு. விண்டோஸ் 7க்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. அங்கே குரோம் 109ஓடு நின்றுவிட்டது.

இனி மிண்ட். விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாக ஏற்றிக்கொள்ளக்கூடிய, லினக்ஸ் வகை ஓஎஸ் (இயங்குதளம்) இது. லினக்ஸ் மிண்ட் 22க்கு 2029 ஏப்ரல் வரை ஆதரவு. எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு என்றால் குறைந்தது 2 ஜிபி ராம் போதும் என்பார்கள். 4 இருந்தால்தான் பிரவுசர் மூச்சு விடும். தமிழ்99 விசைப்பலகையை ஐபஸ் என்ற தட்டச்சு வசதி வழியாகச் சேர்த்துக்கொள்ளலாம். யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவை நகலெடுத்துப் போட்டால் லிப்ரே ஆஃபீஸில் பழைய கோப்பு திறக்கும். அரசு 2011இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது அதில் விண்டோஸோடு, நம் நாட்டிலேயே உருவான பாஸ் லினக்ஸும் இருந்தது நினைவிருக்கிறதா? வாங்கிய வாரமே முதல் வேலையாக அதை அழித்தோம். இப்போது அதே லேப்டாப்பை எடுத்துவந்து "லினக்ஸ் போட்டா வேகமா ஓடுமாமே" என்று கேட்கிறார்கள். ஓடும். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டால் இன்னும் ஓடும். எந்த ஓஎஸ் என்ற சண்டைக்கு முன் செய்ய வேண்டிய செலவு அது.

வீட்டுக்கு மிண்ட் சரி. கடைக்கு? இங்கேதான் வயர்கள். கணக்கு எழுதும் டாலி விண்டோஸுக்கு மட்டுமே. கல்யாணப் பத்திரிகை அடிப்பவர்கள் இன்னும் விடாத, 2001இல் வந்த பேஜ்மேக்கர் 7க்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. ஆதார் கைரேகைக் கருவிகளை இயக்கும் ஆர்டி சர்வீஸ் என்ற மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸையும் ஆண்ட்ராய்டையும் நம்பியே இருக்கிறது. பிரிண்டரில் ஒரு நுணுக்கம் உண்டு. நம்மூர்க் கடைகளில் நிறைந்திருக்கும் சின்ன லேசர் பிரிண்டர்கள் பலவற்றில் சொந்த மூளை குறைவு. பக்கத்தைக் கணினியே கோத்து, தனக்கே உரிய மொழியில் அனுப்ப வேண்டும். கேனான் எல்பிபி 2900 பேசுவது கேப்ட் என்ற மொழி. லினக்ஸுக்கான அதன் டிரைவர் பழையது, பிடிவாதமானது. எச்பி 1020 ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தன்னை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைக் கணினியிலிருந்து வாங்கிக்கொள்ளும். லினக்ஸில் அதற்கென ஒரு பிளகின்னை இறக்கினால் வேலை செய்கிறது. எப்சன் இங்க் டேங்க் பிரிண்டர்களில் இவ்வளவு தலைவலி இல்லை. எதையும் நம்ப வேண்டாம், மிண்ட்டைப் பென்டிரைவிலிருந்தே ஓடவிட்டு ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கைத் தொடவே வேண்டியதில்லை.

பழைய சிஸ்டங்களுக்கான கூகுளின் இலவச ஓஎஸ், குரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸ் பற்றியும் கேட்கிறார்கள். 4 ஜிபி ராம், 16 ஜிபி இடம் போதும், பிரவுசர் மட்டுமே வேண்டும் என்பவருக்கு நல்லது. ப்ளே ஸ்டோர் கிடையாது. கடைக்கு ஒத்துவராது.

எதை ஏற்றினாலும் உப்புக்காற்று ஒன்று இருக்கிறது. பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கேபினெட்டைத் திறந்தால் திருகுகள் துருவேறி, போர்டின் ஓரத்தில் பச்சை பூத்திருக்கும். ஆன் செய்தால் மூன்று பீப், திரை இருட்டு. "அப்டேட் போட்டதுலதான் போச்சு" என்பார்கள். ராமைக் கழற்றி, தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்பச் சொருகினால் பெரும்பாலும் உயிர் வரும். போர்டில் இருக்கும் சீயார்2032 பேட்டரி தீர்ந்திருந்தால் தேதி பின்னே போய்விடும், இணையதளங்கள் எல்லாம் சான்றிதழ் பிழை என்று மறுக்கும். பயாஸில் இயக்கிவைத்த பிடிடியும் மறைந்துபோகலாம். புதிதாகப் பதினொன்று ஏற்றிய சிஸ்டத்தில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருந்தால் அப்போது மீட்புக் குறியீடு கேட்கும். அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு வேலையை விட்டுப்போன பையனிடம் இருக்கும். எனவே முதலில் பேட்டரியை மாற்றுங்கள், குறியீட்டைக் கணக்கு நோட்டில் எழுதிவையுங்கள்.

காக்காவின் கடைக்கு நான் செய்தது இது. பிடிடி இயக்கிய சிஸ்டத்துக்குப் பதினொன்று. கைரேகைக் கருவியும் லேசர் பிரிண்டரும் அதில். நான்காம் தலைமுறை ஐ3 ஒன்றைப் பத்திலேயே விட்டு, நெட் வயரைப் பிடுங்கிவிட்டேன். பேஜ்மேக்கர் மட்டும் அதில் ஓடும், கோப்புகள் பென்டிரைவில் வந்து போகும். மூன்றாவது, பிள்ளைகள் ப்ராஜெக்டுக்காக உட்காரும் சிஸ்டம், மிண்ட் ஆனது. இரண்டு வாரம் கழித்து போன் செய்தார்.

"தம்பி, அந்த மூணாவதுல இன்னும் ஒருத்தரும் வைரஸ்னு வரல. ஆனா மவுஸ் வேலை செய்யல."

"எந்தப் பக்கம் சொருகியிருக்கீங்க காக்கா?"

"முன்னாடி."

"பின்னாடி சொருகுங்க. முன்னாடி போர்ட்டுல உப்பு ஏறியிருக்கும்."