அலுமினியப் பாட்டிலா, சோடா பாட்டிலா?

மலையேற்றத்துக்கு அடுப்பு எரிபொருளை எதில் ஊற்றிக்கொண்டு போவது என்பதைப் பையின் எடை முடிவு செய்வதில்லை, அடுப்புதான் முடிவு செய்கிறது.

பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ எரியும் பம்ப் அடுப்பு என்றால் பேச்சே இல்லை, அதற்கென்றே செய்த அலுமினியப் பாட்டில்தான். பம்பை அந்தப் பாட்டிலிலேயே திருகிக் காற்றடிக்கிறோம். அழுத்தத்தை அது தாங்க வேண்டும். கழுத்துவரை ஊற்றக் கூடாது. வெயிலில் எரிபொருள் விரியும், பாட்டிலில் போட்டிருக்கும் கோடு அதற்குத்தான். கிளம்பும் முன் மூடியின் ரப்பர் வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள். விரிசல் தட்டுப்பட்டால் மாற்றிவிடுங்கள்.

ஸ்பிரிட் (எரிசாராயம்) அடுப்புக்கு அழுத்தம் தேவையில்லை. காலி பிளாஸ்டிக் சோடா பாட்டிலே போதும், எடையும் சொற்பம். (ஸ்பிரிட்டின் சூடு பெட்ரோலைவிடக் குறைவு, அதனால் அதிகம் சுமக்க வேண்டும்; நீண்ட பயணத்தில் அந்த எடை லாபம் காணாமல் போகும்.) எனக்குப் பயம் வேறு இடத்தில். ஸ்பிரிட் பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும். இருட்டில், தாகத்தில் கை எதையும் எடுக்கும்; மெத்தனால் கலந்ததைக் குடித்தால் கண்ணே போகலாம். கழுத்தில் சிவப்பு டேப் சுற்றி, தண்ணீர் பாட்டிலுக்கு எதிர்ப்பக்கப் பாக்கெட்டில் நிமிர்த்தி வையுங்கள்.

அப்புறம், எதில் ஊற்றினாலும் எரிபொருளை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். இறங்கும் ஊரில்தான் வாங்க வேண்டும்.