வாஷா, கான்ட்ராஸ்டா?

சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கில் நாற்பது மேசைப் போர் விளையாட்டு வீரர் பொம்மைகள் வண்ணம் பூசக் காத்துக் கிடந்தால், இரண்டு குறுக்குவழிகள் உண்டு.

பழைய வழியில், பிரைமர் (பெயிண்ட் ஒட்டுவதற்கான முதல் பூச்சு) அடித்து, அடிநிறங்களைத் தட்டையாகப் பூசி, மேலே கரும்பழுப்பு வாஷ் விட வேண்டும். நீர்த்த பெயிண்டான அந்த வாஷ் பள்ளங்களில் தேங்கி நிழலாகிவிடும். நன்றாகக் காய்ந்த பின், பெயிண்டைத் துடைத்தெடுத்த காய்ந்த பிரஷால் மேடுகளை லேசாக உரசினால் (இதுதான் டிரை பிரஷ்) வெளிச்சமும் வந்துவிடும். சங்கிலிக் கவசம், பாறை என்றால் இதை அடிக்க ஆளில்லை. கை பிசகினாலும் அடிநிறத்தால் மறைத்துவிடலாம்.

2019-இல் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனம் கொண்டுவந்த சிட்டாடல் கான்ட்ராஸ்ட் என்ற பெயிண்ட், நிறம், நிழல் இரண்டையும் ஒரே பூச்சில் தருகிறது. ஆனால் வெளிர் நிற பிரைமர் வேண்டும்; வெறும் கறுப்பின் மேல் பூசினால் ஒன்றும் தெரியாது. அகலமான தட்டைக் கவசத்தில் திட்டுத்திட்டாகக் காயும். பிசகினால் அந்த இடத்தை வெள்ளையாக்கிவிட்டுத்தான் மறுபடி தொடங்க வேண்டும். (எனக்குப் பொறுமை போனது கொஞ்சநஞ்சமல்ல.)

துணி, தோல், ரோமம் மிகுந்த படைக்குக் கான்ட்ராஸ்ட். இரும்புக் கவசக்காரர்களுக்கு வெள்ளி நிறமும் வாஷும். நான் பெரும்பாலும் கலந்துதான் செய்கிறேன்: கறுப்பு பிரைமர், மேலே வெள்ளை டிரை பிரஷ், அப்புறம் கான்ட்ராஸ்ட். ஒரே நிறத்தை எல்லா வீரர்களுக்கும் வரிசையாகப் பூசிவிட்டுத்தான் அடுத்த நிறத்தைத் தொடுவேன். கடைசி ஆளுக்கு வருவதற்குள் முதல் ஆள் காய்ந்திருப்பான்.